மெல்வில் பேனாவைக் கீழே வைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாவலாசிரியர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரில், சென்ற வாரம் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் குறித்த கட்டுரையைப் படித்தேன். திமிங்கில வேட்டையைச் சொல்லும் 'மோபி டிக்' நாவலின் கதையையும் அதன் ஆழத்தையும் கட்டுரையாளர் சுவைபட எடுத்துரைத்திருக்கிறார். அந்தப் பகுதியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எழுதியவரின் வாழ்க்கைக்கு வரும்போது, 1851இல் அந்நாவல் படுதோல்வி அடைந்ததும் மெல்வில் மனமுடைந்து எழுதுவதையே நிறுத்திவிட்டார் என்றும், அதன்பின் நாற்பது ஆண்டுகள் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளி, வறுமையில், ஒருவருக்கும் தெரியாமல் இறந்துபோனார் என்றும் எழுதியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் திருத்த வேண்டியவை பல இருக்கின்றன. கட்டுரையாளர் ஒருவரை மட்டும் குறை சொல்வது என் நோக்கமன்று. இந்தக் கதை நெடுங்காலமாகப் பலராலும் இப்படியேதான் சொல்லப்பட்டு வருகிறது. ஆயினும் மெல்விலை முதன்முதலாகத் தங்கள் நாளிதழ் வழியாக அறிந்துகொள்ளும் இளைய வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மெல்வில் 1819 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் தாமஸ் மெல்வில், 1773இல் ஆங்கிலேயரின் தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களுள் ஒருவர். தாய்வழிப் பாட்டனார் பீட்டர் கான்செவூர்ட் 1777இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து காத்த தளபதி. குடிப்பெருமைக்குக் குறைவில்லாத அந்த வீட்டில் பணம் நிலைக்கவில்லை. இறக்குமதி வணிகம் நொடித்து, 1832இல் தந்தை இறந்தபோது சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது. வங்கியில் எடுபிடி வேலை, கிராமப் பள்ளியில் ஆசிரியர் வேலை, 1839இல் லிவர்பூல் சென்று திரும்பிய சரக்குக் கப்பலில் மாலுமி வேலை என்று அலைந்துவிட்டு, 1841 ஜனவரியில் 'அகுஷ்னெட்' என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். அடுத்த ஆண்டு பசிபிக் கடலிலுள்ள மார்க்கெசஸ் தீவுகளில் ஒன்றான நுக்கு ஹிவாவில் நண்பர் ஒருவருடன் கப்பலை விட்டு ஓடிப்போய், மனிதரைத் தின்பவர்கள் என்று மாலுமிகள் அஞ்சிய பழங்குடியினரின் பள்ளத்தாக்கில் சில வாரங்கள் தங்கினார். பிறகு வேறு கப்பல்கள், தஹீத்தியில் சிறைவாசம், ஹவாய், கடைசியாக அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் சாதாரண மாலுமியாகப் பணி. 1844 அக்டோபரில் பாஸ்டனில் வந்து இறங்கினார். கடலில் கழித்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. எழுதுவதற்கு அது ஆயுள் முழுவதும் கைகொடுத்தது.

மார்க்கெசஸ் அனுபவத்தைக் கொண்டு எழுதிய 'டைப்பீ' 1846இல் முதலில் லண்டனில் வெளிவந்தது. அமெரிக்கத் தூதரகத்தில் செயலாளராக அங்கே இருந்த அவருடைய அண்ணன்தான் ஜான் மர்ரி என்ற பதிப்பாளரிடம் கையெழுத்துப் படியைக் கொண்டுசேர்த்தார். சாதாரண மாலுமி ஒருவன் இப்படி எழுத முடியுமா, இது கட்டுக்கதையாக இருக்குமோ என்று மர்ரியும் ஐயுற்றார், விமர்சகர்களும் ஐயுற்றார்கள். அந்த நேரத்தில், மெல்விலுடன் கப்பலை விட்டு ஓடிய நண்பர் ரிச்சர்ட் டோபயஸ் கிரீன் பஃபலோ நகரில் உயிரோடு இருந்து, தானே முன்வந்து நடந்தது உண்மை என்று சாட்சி சொன்னார். நாவலில்கூட இவ்வளவு வசதியான திருப்பத்தை எழுதத் தயங்குவார்கள். அடுத்த ஆண்டில் வந்த 'ஓமூ'வும் நன்றாக விற்றது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவல் ஷாவின் மகள் எலிசபெத்தை மெல்வில் மணந்துகொண்டார்.

இனி, தோல்வியைப் பற்றி. மெல்விலின் முதல் தோல்வி 'மோபி டிக்' அன்று. 1849இல் வெளிவந்த 'மார்டி' என்னும் நாவல், கடற்பயணக் கதையாகத் தொடங்கித் தத்துவ உருவகமாக மாறிப்போன காரணத்தால், முந்தைய இரண்டு நூல்களையும் ரசித்த வாசகர்களைத் திகைக்கவைத்தது. விமர்சகர்கள் பலர் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். அப்போது அவர் மனமுடைந்து உட்கார்ந்துவிடவில்லை. அந்தக் கோடையிலேயே சில மாதங்களுக்குள் 'ரெட்பர்ன்', 'ஒயிட் ஜாக்கெட்' என்ற இரண்டு நூல்களை எழுதி முடித்தார். மாமனாருக்கு எழுதிய கடிதத்தில், மற்றவர்கள் விறகு அறுப்பதைப் போலப் பணத்துக்காகச் செய்த இரண்டு வேலைகள் இவை என்று தாமே அவற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கடற்படையின் கசையடித் தண்டனையை விவரிக்கும் 'ஒயிட் ஜாக்கெட்'டின் பக்கங்களைப் பணத்துக்காக மட்டும் ஒருவரால் எழுதிவிட முடியாது. தோல்விக்குப் பின் உடனே அடுத்த வேலையில் இறங்குவது அவருடைய இயல்பு என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

1850இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு அருகே ஒரு பண்ணையை வாங்கினார். மாமனார் கொடுத்த முன்பணம் போதாமல் கடன்பட்டார்; 1851 மே மாதத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் 9 விழுக்காடு வட்டிக்கு 2,050 டாலர் வாங்கி, அதை வீட்டாருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். அதற்கு முந்தைய மாதம்தான், பதிப்பாளர்களான ஹார்ப்பர் நிறுவனத்தார், ஏற்கெனவே தங்களுக்கு அவர் தர வேண்டிய பாக்கி 700 டாலரை நெருங்குகிறது என்பதைக் காரணம் காட்டி முன்பணம் தர மறுத்திருந்தார்கள். 'மோபி டிக்'கின் கடைசி அத்தியாயங்கள் இந்த நெருக்கடிக்கு நடுவே எழுதப்பட்டவை. அந்நூலை அவர் நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்னுக்குக் காணிக்கையாக்கினார். 1850 ஆகஸ்டில் ஒரு மலையேற்றத்தின்போது இருவரும் சந்தித்து நண்பர்களானார்கள். பணம் வராது என்பதால் எதை எழுத மனம் துடிக்கிறதோ அதை எழுத முடிவதில்லை, வேறு மாதிரி எழுதவும் கை வருவதில்லை என்று ஹாதார்னுக்கு அவர் எழுதிய கடிதம் பிரபலமானது.

நாவல் 1851 அக்டோபரில் லண்டனில் 'தி வேல்' என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாக வந்தது. நவம்பரில் 'மோபி டிக்' என்ற பெயரில் நியூயார்க்கில் வந்தது. லண்டன் பதிப்பில் ஒரு விபத்து நேர்ந்தது. கதைசொல்லி இஷ்மேல் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று சொல்லும் பின்னுரை அதில் விடுபட்டுப்போயிற்று. கப்பலோடு எல்லோரும் மூழ்கிப்போனால் இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார் என்று ஆங்கில விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அந்தக் கடுமையான மதிப்புரைகளில் சில அமெரிக்காவிலும் எடுத்தாளப்பட்டன. ஆனாலும் பாராட்டுகளும் இரு நாடுகளிலும் வந்தன; எல்லோரும் ஒருமுகமாகத் தூற்றினார்கள் என்பது சரியன்று. விற்பனை மந்தமாக இருந்தது என்பது உண்மை. மெல்விலின் வாழ்நாள் முழுவதும் சேர்த்து அமெரிக்காவில் விற்றவை ஏறத்தாழ 3,200 படிகள். ஹார்ப்பர் நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கிடைத்தது 556 டாலர். லண்டன் பதிப்பாளர் பென்ட்லி கொடுத்த 150 பவுண்டைச் சேர்த்தாலும் ஒரு குடும்பத்தை நடத்த அது போதாது.

அவருடைய பெயருக்கு உண்மையான அடி விழுந்தது அடுத்த ஆண்டில். 1852இல் வந்த 'பியர்' என்ற நாவல், ஒரு செல்வக் குடும்பத்து இளைஞன் தன் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரி என்று நம்பும் பெண்ணோடு வீட்டை விட்டு வெளியேறுவதைச் சொல்கிறது. அந்தக் காலத்து வாசகர்களுக்கு இது தாங்க முடியாததாக இருந்தது. நியூயார்க் நாளிதழ் ஒன்று, ஹெர்மன் மெல்விலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே தலைப்பிட்டது. பென்ட்லி, திருத்தி வெட்டாமல் வெளியிட முடியாது என்று கைவிரித்தார். அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்ப்பர் நிறுவனத்தின் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில், விற்காமல் இருந்த மெல்வில் நூல்களின் படிகள் எரிந்துபோயின. அதே 1853இல் அவர் எழுதி முடித்த ஒரு நூல் அச்சேறாமலே தொலைந்துபோனது.

கட்டுரையாளரின் கணக்குப்படி இவ்வேளையில் மெல்வில் பேனாவைக் கீழே வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. 1853 நவம்பர், டிசம்பர் மாதங்களில் 'பட்னம்ஸ்' இதழில் 'பார்ட்டில்பி' என்ற கதை வெளிவந்தது. சொன்ன வேலையைச் செய்ய விரும்பவில்லை என்று மரியாதையாக மறுத்துக்கொண்டே இருக்கும் வால் ஸ்ட்ரீட் எழுத்தர் ஒருவரின் கதை அது. இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கும் மெல்விலின் படைப்புகளில் ஒருவேளை 'மோபி டிக்'கைவிட அதிகமாகப் படிக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். 1855இல் அதே இதழில் 'பெனிட்டோ செரினோ' வந்தது. அடிமைக் கப்பல் ஒன்றில் நடந்துவிட்ட கிளர்ச்சியை, எதையும் கண்டுகொள்ளாத ஓர் அமெரிக்கக் கப்பல் தலைவனின் கண் வழியாகக் காட்டும் அந்தக் குறுநாவல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆறு ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அதே ஆண்டில் 'இஸ்ரேல் பாட்டர்' என்ற நாவலும், 1856இல் 'பியாசா கதைகள்' தொகுப்பும் வந்தன. 1857 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தில், மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகில் வேடம் மாற்றி மாற்றிப் பயணிகளை ஏமாற்றும் ஒருவனைப் பற்றிய 'தி கான்ஃபிடன்ஸ் மேன்' வந்தது. அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த கடைசி நாவல் அதுதான். ஆக, தோல்விக்குப் பின் எழுதுவதை விட்டுவிட்டார் என்று சொல்லப்படும் ஆறு ஆண்டுகளில் நான்கு நூல்கள்.

அதன் பிறகு நாவல் எழுதுவதைத்தான் நிறுத்தினார், எழுதுவதையன்று. எருசலேமுக்கும் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் 1856-57இல் போய்வந்தபின், ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். அதில் பெயரும் இல்லை, பணமும் இல்லை. 1860லேயே ஒரு கவிதைத் தொகுப்பை முடித்து வைத்திருந்தார், பதிப்பாளர் கிடைக்கவில்லை. தூதரகப் பதவி கேட்டு 1861இல் வாஷிங்டன் சென்று, ஆபிரகாம் லிங்கனின் கையைக் குலுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். உள்நாட்டுப் போரைப் பற்றிய அவருடைய கவிதைகள் 1866இல் 'பேட்டில் பீசஸ்' என்ற நூலாக வெளிவந்தன. அந்த ஆண்டு டிசம்பரில்தான் சுங்கத் துறை வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 47. நாவல் தோல்வியுற்றதும் சுங்க அலுவலகத்துக்குப் போனார் என்று எழுதினால், இடையிலிருக்கும் பதினைந்து ஆண்டுகள் காணாமல் போய்விடுகின்றன.

அந்த வேலையைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மெல்வில் பார்த்தது குமாஸ்தா வேலையன்று. அவர் சுங்க ஆய்வாளர். கப்பல் வந்து நின்றதும் துறையில் நின்று, சரக்குப் பட்டியலில் உள்ளதும் இறங்குவதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, தீர்வை கட்டாத பொருள் மேடையைத் தாண்டாமல் காப்பது ஆகியவையே ஆய்வாளரின் பணிகள். மேசையும் மின்விசிறியும் கொண்ட வேலை அல்ல. வெயிலிலும் மழையிலும், அங்கேயானால் ஹட்சன் ஆற்றின் பனிக்காற்றிலும், நின்று செய்ய வேண்டிய வேலை. சம்பளம் நாளொன்றுக்கு 4 டாலர். இடையில் சற்றுக் குறைக்கவும்பட்டது. கடலில் இளமையைக் கழித்த ஒரு மனிதருக்கு, தினமும் கப்பல்களையும் மாலுமிகளையும் சரக்கையும் பார்க்கும் அந்த வேலை அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று தொலைவிலிருந்து நாம் முடிவு செய்வது அவசரம்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய வேறொன்றும் உண்டு. வருமான வரி நிலைபெறாத அந்தக் காலத்தில் அமெரிக்க அரசின் வருவாயில் பெரும்பகுதி சுங்கத் தீர்வையிலிருந்துதான் வந்தது. அதிலும் பெரும்பகுதி நியூயார்க் துறைமுகத்தில் வசூலானது. ஆகவே அந்தச் சுங்க அலுவலகம் கட்சிக்காரர்களின் வேட்டைக்காடாக இருந்தது. ஆட்சி மாறினால் ஆட்கள் மாறுவார்கள், சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கொடுக்க வேண்டும், கையூட்டு சகஜம். 1870களில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த செஸ்டர் ஆர்தர், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராகவே ஆனார் என்றால் அந்த அலுவலகத்தின் அரசியல் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். ஹாதார்னே சேலம் நகரச் சுங்க அலுவலகத்தில் இருந்து, 1849இல் ஆட்சி மாறியபோது வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்தாம். அத்தகைய இடத்தில் மெல்வில் பத்தொன்பது ஆண்டுகள் நிலைத்தார். கட்டுரையில் கண்ட நாற்பது ஆண்டுகள் அல்ல. 1866 டிசம்பர் முதல் 1885 டிசம்பர் வரை. 1873இல் அவருடைய தங்கையின் கணவர் ஜான் ஹோட்லி, மெல்விலின் வேலையைக் காப்பாற்றித் தருமாறு கருவூலத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். தனிச் சலுகை கேட்டு நீட்டப்படும் பணத்தை மெல்வில் அமைதியாக மறுத்துவிடுகிறார், அவருக்குத் தெரியாமல் பையில் திணித்துவிட்டுப் போனாலும் அமைதியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார். மைத்துனர் எழுதிய பரிந்துரைதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, பணத்தை மறுப்பதைவிட அதை ஆரவாரமில்லாமல் மறுத்து, சுற்றியிருப்பவர்களோடு பகையில்லாமல் வேலையில் நீடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அவர் பணியாற்றிய இடங்களில் ஒன்று, அவருடைய பாட்டனாரின் பெயரைத் தாங்கிய கான்செவூர்ட் தெருவின் பக்கம். 1870இல் தாய்க்கு எழுதிய கடிதத்தில், அதே பெயரைக் கொண்ட ஒரு விடுதிக்குள் புகையிலை வாங்கப் போனதைச் சொல்கிறார். இந்தப் பெயர் எதனால் வந்தது என்று தெரியாதவர்போல விசாரித்திருக்கிறார். அங்கிருந்த ஒரு கனவான், முன்பு இப்பகுதியில் ஏராளமான சொத்து வைத்திருந்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்று விளக்கியிருக்கிறார். கோட்டையைக் காத்த தளபதியைப் பற்றி ஒருவருக்கும் நினைவில்லை. மெல்வில் இதைப் புலம்பலாக எழுதவில்லை. தாய்க்கு ஒரு வேடிக்கையாகத்தான் சொல்கிறார். மனம் உடைந்து மூலையில் கிடந்த மனிதர் இப்படி எழுதமாட்டார்.

இந்த வேலைக்கு நடுவில், இரவுகளில் எழுதப்பட்டதுதான் 'கிளாரெல்'. புனித நாட்டில் பயணம் செய்யும் ஓர் இளைஞனின் நம்பிக்கையும் ஐயமும் பற்றிய அந்த நெடுங்கவிதை ஏறத்தாழ 18,000 அடிகள் கொண்டது. பாட்டனாரின் பெயரையே கொண்ட தாய்மாமன் பீட்டர் கான்செவூர்ட் கொடுத்த பணத்தில் 1876இல் அது அச்சாகியது. படிப்பதற்கு எளிய நூல் என்று நான் சொல்லமாட்டேன். சில பகுதிகள் வறண்டவை, சந்தம் இறுகிப்போனது. அவருடைய மனைவி எலிசபெத், இந்தப் புத்தகம் எங்கள் வீட்டு மகிழ்ச்சியையே குலைத்துவிட்டது என்று உறவினர் ஒருவருக்கு எழுதினார். மக்கள் விரும்பாதிருப்பதற்கென்றே வாகாக அமைந்த நூல் என்று மெல்விலே பின்னர் ஓர் ஆங்கில வாசகருக்கு எழுதினார். விற்காத படிகள் மூன்று ஆண்டுகளில் காகிதக் கூழாகிவிட்டன. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: நாள் முழுவதும் துறையில் நின்றுவிட்டு வந்து, வாங்க ஆளில்லை என்று தெரிந்தே 18,000 அடிகளை எழுதிய ஒருவரை, எழுதுவதை விட்டுவிட்டவர் என்று எப்படிச் சொல்வது?

குடும்பத்தைப் பொறுத்தவரை அவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. 1867இல், அவர் மனநிலை சரியில்லாதவர் என்று கருதிய மனைவியின் உறவினர்கள், எலிசபெத்தை அவரிடமிருந்து பிரித்து அழைத்துச்செல்ல ஒரு திட்டம் போட்டார்கள்; எலிசபெத் போகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மூத்த மகன் மால்கம், பதினெட்டு வயதில், தன் அறையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தான். இரண்டாவது மகன் ஸ்டான்விக்ஸ் 1886இல் சான் பிரான்சிஸ்கோவில் நோயால் இறந்தார். அந்த வீட்டின் துயரத்துக்கு ஒரு நாவலின் விற்பனையைக் காரணமாக்குவது, துயரத்தையும் சிறுமைப்படுத்துகிறது, நாவலையும் சிறுமைப்படுத்துகிறது.

வறுமையில் இறந்தார் என்பதும் பொருந்தாது. கடைசி ஆண்டுகளில் உறவினர்கள் விட்டுச்சென்ற சொத்துகளால் அவர்கள் நிலை சீரடைந்தது. அதனால்தான் வேலையை விட முடிந்தது. நூல்களும் ஓவிய அச்சுப்படங்களும் வாங்கிக்கொள்ள எலிசபெத் மாதம் 25 டாலர் கொடுத்துவந்தார். நியூயார்க்கின் கிழக்கு 26ஆம் தெரு வீட்டில், அவர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 'ஜான் மார்' என்ற கவிதை நூல் 1888இலும், 'டிமோலியன்' 1891இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 25 படிகள் மட்டும், நண்பர்களுக்குக் கொடுப்பதற்காக. இவற்றுக்கிடையே, தூக்குத் தண்டனையை எதிர்நோக்கி விலங்கோடு கிடக்கும் மாலுமி ஒருவன் பாடுவதாக எழுதிய சிறு கவிதைக்கு முன்குறிப்பாகத் தொடங்கிய உரைநடை, மெல்ல மெல்ல வளர்ந்து 'பில்லி பட்' என்னும் குறுநாவலானது. 1891 ஏப்ரல் 19 என்று கையெழுத்துப் படியின் முடிவில் தேதி இடப்பட்டிருக்கிறது. அதன் பிறகும் திருத்தங்கள் தொடர்ந்தன. செப்டம்பர் 28 அன்று அவர் இறந்தார். பிற நாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை தரும் சட்டம் அந்த ஆண்டு ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆங்கில நாவல்களை ஆசிரியருக்கு ஒரு காசும் தராமல் மலிவாக அச்சிட்டு விற்ற சந்தையில்தான் மெல்விலின் நூல்கள் போட்டியிட வேண்டியிருந்தது. அவர் தோற்றார் என்று சொல்வோர், டிக்கென்ஸின் திருட்டுப் பதிப்பு விற்ற விலையையும் அருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் அந்த நாற்பது ஆண்டு மௌனம் என்ற கதை எங்கிருந்து வந்தது? 1919இல் மெல்விலின் நூற்றாண்டையொட்டிக் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் ரேமண்ட் வீவர் ஆய்வில் இறங்கி, 1921இல் முதல் முழுமையான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மெல்விலை மீட்டெடுத்ததில் அவருக்குள்ள பங்கு மறுக்க முடியாதது. ஆனால் கடற்பயணங்களையும் 'மோபி டிக்'கையும் விரிவாகச் சொன்ன அவர், பிற்கால வாழ்வு முழுவதையும் நீண்ட அடங்கல் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரே அத்தியாயத்துக்குள் அடக்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த அத்தியாயத் தலைப்பையே வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். இதில் விந்தை என்னவென்றால், மெல்விலின் பேத்தி எலினார் மெட்காஃப் பாதுகாத்துவைத்திருந்த தாள்களுக்குள் 'பில்லி பட்' கையெழுத்துப் படியைக் கண்டெடுத்ததும், 1924இல் அதை முதன்முதலாக அச்சேற்றியதும் அதே வீவர்தான். மௌனம் என்று தாம் எழுதிய காலத்தின் நடுவிலிருந்து வந்த பேச்சை அவரே உலகுக்குக் கொடுத்தார்.

முற்றிலும் மறக்கப்பட்டார் என்பதும் அமெரிக்காவுக்கு மட்டும், அதுவும் ஓரளவுக்கே பொருந்தும். இங்கிலாந்தில் அவரை விடாமல் படித்த சிறு கூட்டம் ஒன்று இருந்தது. லெஸ்டர் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பில்சன் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கடற்கதைகளால் புகழ்பெற்ற கிளார்க் ரஸ்ஸல் தம் நாவல் ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். கவிஞர் ராபர்ட் புக்கானன் அமெரிக்கா சென்றபோது மெல்விலைத் தேடி விசாரித்து, அவரைப் பற்றி அங்கே ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று சினந்து எழுதினார்.

புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற படம் நமக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1851இன் வாசகர்கள் குருடர்கள், நாம் கண்ணுள்ளவர்கள் என்று அது நம்மைத் தட்டிக்கொடுக்கிறது. 'கிளாரெல்'லையும் 'பேட்டில் பீசஸ்'ஸையும் இன்றைக்கும் படிக்காதவர்கள் நாம்தான் என்ற கேள்வியை அது எழுப்புவதேயில்லை. மெல்விலின் வாழ்வில் பணத்தால் வந்த தோல்வி உண்டு, வாசகர்களை இழந்ததால் வந்த கசப்பு உண்டு. அவற்றை மூடிமறைக்க வேண்டியதில்லை. எழுத்தை அவர் கைவிட்டார் என்பது மட்டும் நடக்கவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் கருதி எந்தப் பகுதியையும் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் மெல்வில் 1857 வரை நாவல்களும் அதன்பின் இறுதிவரை கவிதைகளும் எழுதினார் என்பதையும், சுங்க ஆய்வாளராக இருந்தது பத்தொன்பது ஆண்டுகள் என்பதையும் ஒரு திருத்தமாகவாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். மெல்வில் பற்றிய கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'பெனிட்டோ செரினோ'வுக்கும் 'பில்லி பட்'டுக்கும் சில பத்திகளையாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற சுங்கத் துறை அலுவலர்,
தூத்துக்குடி